அடிக்குக் கால் இஞ்ச்

செப்டம்பர் 10, செவ்வாய்

நேற்று மாலை வசந்தாமணியை ஈரோட்டு ஆஸ்பத்திரியிலிருந்து கோபிக்கு, வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. அங்கே பதின்மூன்று நாள் இருந்தாள். வலது இடுப்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடக்கிறாள்.

பொதுப்பணித் துறையில் இருந்த முப்பத்து நான்கு வருஷமும் ஒவ்வொரு வேலைக்கும் சைட் டைரி எழுதியவன் நான். ஓய்வுபெற்ற பிறகு எழுத ஒன்றும் இருக்கவில்லை. இப்போது வீட்டிலேயே ஒரு வேலை வந்துவிட்டது. குளியலறையை இடித்துக் கட்ட வேண்டும். ஒரு இஞ்ச் படியைக்கூட அவள் தாண்டக் கூடாது, உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும், வாக்கரோடு உள்ளே போய்த் திரும்பி வர இடம் வேண்டும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

இப்போதுள்ள நிலவரம்: ஏழடிக்கு ஆறடி அறை. மூலையில் கண்ணாடித் தடுப்பு போட்ட ஷவர். அதைச் சுற்றி நாலு இஞ்ச் உயரத்துக்குச் சிமெண்ட் கட்டை. தரையில் பளபளக்கும் வெள்ளை டைல். மூன்று வருஷத்துக்கு முன் நானே வரைந்து, நானே நின்று கட்டியது. கோவையில் என் சகலை வீட்டில் இருப்பதைவிட நன்றாக வந்திருக்கிறது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

விபத்துக் குறிப்பு: ஆகஸ்ட் 27, காலை ஒன்பது மணி சுமார். குளித்துவிட்டுக் கட்டையைத் தாண்டும்போது தேய்ந்த ரப்பர் செருப்பு வழுக்கி விழுந்தாள். நான் பின்பக்கம் மோட்டார் போட்டுத் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். மோட்டார் சத்தத்தில் அவள் விழுந்தது கேட்கவில்லை.

செப்டம்பர் 11, புதன்

அளவெடுத்தேன். கதவு இரண்டரை அடி, வாக்கர் இரண்டடி. கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. உள்ளே யாராவது விழுந்து கிடந்தால் வெளியிலிருந்து திறக்க வழியில்லை. இதை நான் எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

முதல் வரைபடம் முடிந்தது. கண்ணாடியை எடுத்துவிட வேண்டும், கட்டையை உடைத்துவிட வேண்டும். அறை முழுக்க ஒரே தரை. ஷவருக்கென்று தனி எல்லை கிடையாது. எதிர்ச்சுவர் ஓரமாக நீளமான வடிகால், அதை நோக்கி அடிக்குக் கால் இஞ்ச் சரிவு. சொரசொரப்பான சாம்பல் நிற டைல். சுவரில் மடக்கும் இருக்கை. இரண்டு பக்கமும் பிடிக்கக் கம்பி, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில். விதிப்படி அதுதான் அளவு.

பக்கத்து வீட்டுத் துளசிமணி காலையில் வந்து வசந்தாமணிக்குத் துண்டு நனைத்துத் துடைத்துவிட்டுப் போகிறாள். அந்த நேரம் நான் வாசலில் இருக்கிறேன். இருக்கச் சொன்னது வசந்தாமணி. நான் செய்கிறேனே என்று முதல் நாள் கேட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். துளசிமணி என்னைப் பார்த்துச் சிரித்து, அம்மாவுக்குக் கூச்சம் என்றாள்.

கூச்சம் இல்லை. முப்பத்தைந்து வருஷம் ஆகிறது எங்களுக்குக் கல்யாணமாகி.

செப்டம்பர் 14, சனி

ஓசூரிலிருந்து மகள் கோகிலவாணி போன் செய்தாள். ஆபரேஷனுக்கு வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனவள், தினமும் மாலையில் பேசுகிறாள். ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தேன். விழுந்ததும் ஏம்மா நீ கூப்பிடலை என்று கேட்டாள். இதற்கு முன்பும் கேட்டிருக்கிறாள்.

"விழுந்ததும் மயக்கம் போட்டுருச்சு கண்ணு. கூப்பிடறதுக்கு எங்க?" என்றாள் வசந்தாமணி.

நான் மாத்திரை டப்பாவில் திங்கள் செவ்வாய் என்று பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். புதன்கிழமைக் கட்டத்தில் இரண்டு தடவை போட்டிருக்கிறேன். அப்புறம் பார்த்துச் சரி செய்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

டைல் வேலைக்கு அங்கமுத்து மேஸ்திரி வந்து பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். குறைவாகப் பேசுவார், கை சுத்தம் என்று சொன்னார்கள். வரைபடத்தை விரித்துக் காட்டினேன். நின்று நிதானமாகப் பார்த்தார். கம்பி இந்த இடத்தில் வரும், இருக்கை இந்த உயரத்தில் வரும் என்று நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார்.

முடிவில் ஒன்றே ஒன்று கேட்டார். "அம்மாவைக் கேட்டீங்களாங்க சார்?"

அளவெல்லாம் விதிப்புத்தகப்படி போட்டது என்றேன். சரிங்க என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கலாம் என்றார்.

செப்டம்பர் 20, வெள்ளி

இடிக்க ஆரம்பித்தார்கள். முதலில் கண்ணாடியை முழுசாகக் கழற்றி வெளியே வைத்தார்கள். பிறகு கட்டை. உளி பட்ட ஒவ்வொரு அடிக்கும் படுக்கையறைச் சுவர் அதிர்ந்தது. வசந்தாமணிக்குத் தலைவலி. ஜன்னலைச் சாத்தித் திரை போட்டேன்.

வேலை முடியும்வரை படுக்கையறையிலேயே கழிவு நாற்காலி. துளசிமணி வருவதற்கு முன்னும் போன பின்னும் அதை எடுத்துக் கொட்டிக் கழுவுவது நான். முதல் நாள் தரையில் கொஞ்சம் சிந்திவிட்டது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இரண்டு தடவை பினாயில் போட்டுத் துடைத்தேன்.

செப்டம்பர் 21, சனி

பழைய கதவைக் கழற்றினார் அங்கமுத்து. தாழ்ப்பாள் மரத்தோடு பிய்ந்திருப்பதைப் பார்த்தார்.

உள்ளே தாழ் போட்டிருந்தாங்களா என்று கேட்டார். ஆமாம், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இரண்டு பேருமாகத் தள்ளித்தான் திறந்தோம் என்றேன். அம்மா சத்தம் போட்டிருப்பாங்களே என்றார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை என்றேன். தேதி என்ன என்று கேட்டார். சும்மா பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, போன மாதம் இருபத்தேழு, செவ்வாய்க்கிழமை, ஒன்பது மணி என்று சொன்னேன்.

அவர் யோசித்தார். "அன்னிக்குக் கரண்ட் இல்லீங்களே சார். மாசாந்தர ஷட்டவுன். காலைல ஒம்பது மணிக்குப் போயி சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான வந்துச்சு. கட்டிங் மிசின் ஓட்ட முடியாம நாள் பூரா சும்மா உக்காந்திருந்தனுங்க."

வேறு நாளாக இருக்கும் என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு குனிந்து கதவின் கீல்களைக் கழற்ற ஆரம்பித்தார். வேலை முடிந்து போகும்போது, வர்றனுங்கம்மா என்று படுக்கையறைப் பக்கம் பார்த்துச் சொன்னார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. வழக்கமாகக் குடிக்கும் டீயையும் குடிக்காமல் போய்விட்டார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

வேலை இல்லை. 10ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். மோட்டார் ஓடவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

மூன்று நாளாக இந்த நோட்டை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். யாரும் படிக்கப் போகாத நோட்டிலேயே பொய் எழுதி வைத்திருக்கிறேன் என்பதுதான் உறுத்துகிறது. சைட் டைரியில் ஒரு மூட்டை சிமெண்ட் மாறி எழுதியதில்லை. என் கீழ் வேலை செய்தவர்கள் எழுதியதைக்கூட ஒத்துக்கொள்ளாமல் திருப்பி எழுத வைத்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். அன்று காலை காபி கொடுக்கும்போது வசந்தாமணி, குளியலறையில் ஒரு கம்பி வைத்துத் தந்தால் பரவாயில்லை, கட்டையைத் தாண்டும்போது பயமாக இருக்கிறது என்றாள். அது முதல் தடவை இல்லை. நாலாவது தடவை. வெள்ளை டைலில் துளை போட்டுக் கம்பி மாட்டினால் பார்க்க எப்படி இருக்கும் என்பதுதான் என் கவலை. இது வீடா ஆஸ்பத்திரியா என்று கேட்டேன். ஆஸ்பத்திரிதான் வேண்டுமென்றால் போய்ப் படுத்துக்கொள் என்றும் சொன்னேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவள் காபி டம்ளரை எடுத்துப் போய் வைத்தாள். ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விடும் என்று அவசரமாகக் குளிக்கப் போனாள். நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதுக்குக் கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. பக்கெட் என்று நினைத்தேன். இல்லை, பக்கெட் என்று நினைக்க விரும்பினேன்.

பிறகு ஏனுங்க என்று கூப்பிட்டாள். கம்பி இல்லாததைக் குத்திக்காட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று தோன்றியது. எழுந்திருக்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டாள். ஏழு தடவை. எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணியவன் எழுந்திருக்கவில்லை. ஏழுக்கு அப்புறம் சத்தம் நின்றது. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ஒன்பது நாற்பதுக்கு எழுந்தேன். அவளைப் பார்க்க இல்லை. இரண்டாவது காபி வரவில்லையே என்று எழுந்தேன்.

கதவைத் தள்ளியபோது அது அவள் காலில்தான் இடித்தது. முனகல் கேட்டது.

செப்டம்பர் 26, வியாழன்

வேலை நிலவரம்: பழைய தரையை முழுக்க உடைத்து எடுத்தாயிற்று. தண்ணீர் கசியாமல் இருக்க இரண்டு பூச்சு. நேற்றுக் காலை வடிகாலை அடைத்து அறை நிறையத் தண்ணீர் தேக்கினார் அங்கமுத்து. இன்று காலை அளந்து பார்த்தோம். இறங்கவில்லை. சுவரிலும் ஈரம் இல்லை.

தண்ணீரைத் திறந்து விட்டதும் எதிர்பாராதது நடந்தது. வாக்கர் சத்தம் கேட்டுத் திரும்பினால் குளியலறை வாசலில் வசந்தாமணி நிற்கிறாள். படுக்கையறையிலிருந்து அவ்வளவு தூரம் அவள் நடந்ததே இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வேண்டும் என்றாள். என்னிடம் கேட்கவில்லை, அங்கமுத்துவிடம் கேட்டாள். அவர் நடு அறையில் நாற்காலியைப் போட்டுத் தரையில் சாக்கு விரித்துக் கையைக் கொடுத்து உட்கார வைத்தார்.

என் வரைபடத்தில் இருக்கை கிழக்குச் சுவரில் இருந்தது. அவள் அங்கே நாற்காலியைத் தள்ளிப் போடச் சொல்லி உட்கார்ந்து, வலது காலை நீட்ட முடியவில்லை என்று காட்டினாள். மேற்கே மாற்றினார்கள். எழுந்திருக்கும்போது அவள் கை தானாக எங்கே போகிறது என்று அங்கமுத்து பார்த்தார். சுவரில் அவள் உள்ளங்கை பட்ட இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். அளந்தேன். தரையிலிருந்து இரண்டடி ஐந்து இஞ்ச். நான் போட்டிருந்தது மூன்றடி. வசந்தாமணியின் உயரம் நாலடி பத்து. விதிப்புத்தகத்தில் இருப்பது யாருடைய உயரம் என்று நான் யோசித்ததே இல்லை.

கைஷவர் எங்கே மாட்டட்டும் என்று அவர் கேட்டார். உட்கார்ந்தபடி எட்டுகிற இடத்தில் என்றாள். சோப்புக்கும் அப்படியே. பத்தே நிமிஷத்தில் என் வரைபடத்தில் நாலு இடம் மாறிவிட்டது. சரிவு மட்டும் நான் போட்டபடியே இருக்கிறது.

கதவு விஷயத்தில் நான் வாய் திறந்தேன். கதவே வேண்டாம், திரை போதும் என்றேன். சத்தம் கேட்கும், அவசரத்துக்கு நல்லது என்று காரணம் சொன்னேன்.

அவள் அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "சத்தம் கேக்காமப் போனதுக்குக் கதவு காரணமில்லீங்க. எனக்குக் கதவு வேணும்."

அங்கமுத்து டேப்பைச் சுருட்டிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

செப்டம்பர் 29, ஞாயிறு

கதவு முடிவாயிற்று. வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே தாழ் போட்டாலும் வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருப்பித் திறக்கிற மாதிரித் தாழ். அவள் ஒத்துக்கொண்டாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரசம் சாதம் நான் வைத்தது. புளி அதிகம். சொல்லாமல் சாப்பிட்டாள். அன்று எனக்குக் கேட்டது என்று சொன்னேன்.

"தெரியுங்க. கரண்ட் இல்லாம வீடே அமைதியா இருந்துச்சு. நீங்க பேப்பர் திருப்பற சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது பேசியிருப்பேன்.

கோகிலாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். மனசு தாங்கவில்லை என்றும் சொன்னேன்.

"சொல்லீட்டா உங்களுக்குப் பாரம் எறங்கீரும். எனக்கு? கூப்பிட்டா வராத ஆளோட முப்பத்தஞ்சு வருசம் பொழச்சிருக்காளேன்னு எம் புள்ள என்னைப் பாக்கோணும். எனக்கு அசிங்கமுங்க. அதையும் சேத்து என் தலையில வெக்காதீங்க."

இத்தனை நாளாக அவள் என்னைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்து, உள்ளுக்குள் கொஞ்சம் நன்றியோடுகூட இருந்தேன். அந்த நன்றியை நினைத்தால் கூசுகிறது.

தட்டை எடுத்துப் போய்க் கழுவினேன்.

அக்டோபர் 4, வெள்ளி

தரை டைல் பாதி முடிந்தது. மழை.

அக்டோபர் 8, செவ்வாய்

தரை முடிந்தது. அங்கமுத்து ஒரு பக்கெட் தண்ணீரைக் கதவோரம் மெதுவாக ஊற்றினார். வசந்தாமணியும் சேர்ந்து மூன்று பேரும் பார்த்தோம். தண்ணீர் எங்கும் நிற்காமல் அகலமாகப் பரவி எதிர்ச்சுவருக்குப் போய் வடிகாலில் இறங்கிற்று. இருக்கைக்கு அடியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கியது. இரண்டு டைலை எடுத்து மறுபடி பதித்தார். இரண்டாம் தடவை தேங்கவில்லை.

சரிவு நல்லா வந்திருக்குங்க சார் என்றார். அந்தத் தாழ்ப்பாள் விஷயத்துக்குப் பிறகு அவர் என்னிடம் தானாகப் பேசிய முதல் வார்த்தை. இன்று டீ குடித்தார்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. வேலை இல்லை. மேஸ்திரியின் கரணைக்கும் ரசமட்டத்துக்கும் வசந்தாமணி பொட்டு வைத்தாள்.

அக்டோபர் 17, வியாழன்

எல்லாம் முடிந்தது. கம்பியில் நான் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை.

ஐம்பத்தோரு நாளுக்குப் பிறகு இன்று வசந்தாமணி தண்ணீர் ஊற்றிக் குளித்தாள். துளசிமணி உதவிக்கு வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். நான் கதவருகே நின்றேன். நீங்க இங்க நிக்க வேண்டாம், தோட்டத்துக்குப் போங்க என்றாள். போனேன். தென்னை மரத்தடியில் நின்றேன். அங்கிருந்து எதுவும் கேட்காது. அவள் அதற்காகத்தான் அனுப்பியிருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியட்டும் என்று. ஒருவேளை அப்படி எதுவும் நினைக்காமலும் இருக்கலாம்.

முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. மூன்று தடவை படி வரை வந்து திரும்பிப் போனேன். கடைசியில் வாக்கர் சத்தம். தலைக்குச் சீயக்காய் போட்டுக் குளித்திருந்தாள். முகம் சிவந்திருந்தது.

அக்டோபர் 18, வெள்ளி

இன்று, கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காருங்க என்றாள். "பேப்பர் கொண்டு வராதீங்க."

அக்டோபர் 22, செவ்வாய்

குளியலறையைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். துளசிமணி சொல்லியிருப்பாள். இன்று என்னோடு வேலை பார்த்த நல்லமுத்து தன் மனைவியோடு வந்தார். படியே இல்லாமல் கண்ணாடியும் இல்லாமல் எவ்வளவு விசாலமாக இருக்கிறது என்று அந்தம்மா அதிசயப்பட்டார். பெண்டாட்டிக்காக இவ்வளவு யோசித்துச் செய்கிற ஆம்பளை எங்கே இருக்கிறான் என்று தன் கணவரைப் பார்த்துச் சொன்னார். நல்லமுத்து என் தோளைத் தட்டினார்.

வசந்தாமணி கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அளவு சொல்வதுபோலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கம்பியின் உயரம் எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டார் நல்லமுத்து. அவள் முடிவு செய்தது என்றேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் 30, புதன்

கோகிலா தீபாவளிக்கு வந்துவிட்டாள். மாப்பிள்ளை சேலத்தில் அவர் அம்மா வீட்டில் பண்டிகையை முடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வருவார்.

வந்ததும் வராததுமாகக் குளியலறைக்குப் போய் இருக்கையை மடக்கி மடக்கிப் பார்த்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அப்படிச் செய்ததில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை எனக்கு.

அக்டோபர் 31, வியாழன்

காலை ஆறு மணிக்குக் கோகிலா தன் அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தாள். இரண்டு பேரும் உள்ளே சிரிப்பது கேட்டது. தண்ணீர் பட்டுக் கோகிலாவும் முழுசாக நனைந்து வெளியே வந்தாள்.

பலகாரம் சாப்பிட்டு முடித்ததும் போனை எடுத்துக் குளியலறையைப் படம் பிடித்தாள். என்னையும் உள்ளே நிற்க வைத்து ஒரு படம். ஸ்டேட்டஸில் போடுவதற்கு எழுதியதைப் படித்துக் காட்டினாள். அம்மா விழுந்த அன்றிலிருந்து அவளுக்காக என் அப்பா தூங்காமல் யோசித்துக் கட்டியது, இப்படி ஒருவர் கிடைக்க என் அம்மா கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

"அதப் போடாத கோகி" என்றாள் வசந்தாமணி.

ஏன் என்று கேட்டாள் கோகிலா. படம் நன்றாக இல்லையோ என்று மறுபடி பார்த்தாள்.

"கம்பி ஒண்ணு வெச்சுக் குடுங்கன்னு நாலு தடவ கேட்டேன். உங்கப்பா வெக்கல."

கோகிலா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தபடி என்னைப் பார்த்தாள். வசந்தாமணியும் என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேராக இரண்டு மாதமாக அவள் என்னைப் பார்த்ததில்லை. மீதி என்னுடையது என்று விட்டுவிட்டாள்.

"உங்கம்மா விழுந்ததும் கூப்பிட்டா. ஏழு தடவ. எனக்குக் கேட்டுச்சு. கோவத்துல நான் போகல" என்றேன்.

"எத்தன நேரம்?"

"நாப்பது நிமிசம்."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அம்மாவிடம், எத்தனை தடவை கேட்டேன், மயக்கம் என்றுதானே சொன்னாய் என்றாள். வெக்கமா இருந்துச்சு கண்ணு என்றாள் வசந்தாமணி. ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போதுகூட அழாதவள் அப்போதுதான் அழுதாள். கோகிலா அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஈரக் கூந்தலைத் துண்டால் துவட்டினாள். காய்ந்த பிறகும் துவட்டிக்கொண்டிருந்தாள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். வெளியே தெருவெல்லாம் பட்டாசு. என்னை யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

நவம்பர் 1, வெள்ளி

மாப்பிள்ளை வந்தார். மாலையே கிளம்பிவிட்டார்கள். கோகிலா தன் அம்மாவை ஓசூருக்குக் கூட்டிப்போகிறேன் என்று விடாமல் கேட்டாள். உங்க வீட்டுப் பாத்ரூமுல படி இருக்குதே கண்ணு என்று வசந்தாமணி மறுத்துவிட்டாள். காரணம் அதுதானா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் இல்லை.

கார் கதவைச் சாத்தினேன். கோகிலா கண்ணாடியை இறக்கவில்லை.

நவம்பர் 7, வியாழன்

கோகிலாவின் போன் அவள் அம்மாவுக்குத்தான் வருகிறது. இன்று நான் எடுத்தேன். அம்மாவிடம் கொடுங்கள் என்றாள். கொடுத்தேன்.

வசந்தாமணி இப்போது வாக்கர் இல்லாமல் ஒரு கைத்தடியோடு நடக்கிறாள். சாம்பாருக்கு எவ்வளவு புளி என்று சொல்லிக் கொடுத்தாள்.

நவம்பர் 11, திங்கள்

காலை ஒன்பது மணி. வசந்தாமணி குளித்துக்கொண்டிருந்தாள். என் போன் அடித்தது. கோகிலா. இந்த நேரத்தில் அவள் செய்ததே இல்லை.

"அம்மா குளிக்கறாங்களா?"

ஆமாம் என்றேன்.

"நீங்க எங்க இருக்கீங்க?"

கதவுக்கு வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

நவம்பர் 12, செவ்வாய்

ஒன்பது மணிக்கு மறுபடி. அதே இரண்டு கேள்வி.

நவம்பர் 15, வெள்ளி

தினமும் வருகிறது. வசந்தாமணியிடம் சொன்னேன். கேக்கட்டும் என்றாள்.

நவம்பர் 21, வியாழன்

இன்று ஒன்பது மணிக்குப் போன் வந்தது. எங்கே இருக்கிறேன் என்று சொன்னேன். வைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. போனைக் கதவுகிட்ட பிடிங்க என்றாள்.

எழுந்து பிடித்தேன். உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நடுவில் நின்றது. சோப்புப் போடுகிறாள். அப்புறம் மறுபடி விழுந்தது. அந்தப் பக்கம் கோகிலா மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. வசந்தாமணி தாழை நீக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலித்தது. மாற்றிப் பிடிக்கவில்லை.